கல்யாண மண்டபத்தின் நீலத் தூண்கள்

“இரும்பு எரியவா போவுது? அதுக்கு எதுக்கு ஃபயர் பெயிண்ட்டு?”

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளைத் தூத்துக்குடியில் நான் இன்னும் பார்க்கவில்லை. துறைமுகத்துக் கிடங்கு முதலாளி கேட்டிருக்கிறார். லாரி டிரைவர் கேட்டிருக்கிறார். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டுப் பெரியவர் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். நான் சொன்ன பதிலின் நீளத்தைப் பார்த்தோ என்னவோ, அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. பிறகு வேறு இடத்தில் கல்யாணமாகி, எனக்கும் இரண்டு பிள்ளைகள் ஆயிற்று. எல்லோருக்கும் என்னிடம் ஒரே பதில்தான். இரும்பு எரியாது, ஆனால் இளகும். மங்கலாகச் சிவக்க ஆரம்பிக்கும்போதே அதன் பலத்தில் பாதி போயிருக்கும். அதற்குப் பிறகு தலைமேல் இருக்கிற மாடியைத் தாங்க மாட்டாமல் வளைந்து உட்கார்ந்துவிடும், மாடியில் இருக்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு.

நாங்கள் பூசுகிற பெயிண்ட் நெருப்பை அணைக்காது. சூடு பட்டதும் உப்பி நுரைத்து, இரும்பைச் சுற்றிக் கனமான போர்வை மாதிரி நின்றுகொள்ளும். இரும்புக்குச் சூடு போய்ச் சேர நேரமாகும். அந்த நேரத்துக்குள் மேலே இருக்கிற சனம் படியிறங்கி வெளியே வந்துவிட வேண்டும். இருபது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. கம்பெனி என்று பெயர். நானும் ஆறு பெயிண்டர்களும் ஒரு பழைய வேனும்தான் கம்பெனி. வேலை முடிந்ததும் தூண் தூணாக அளந்து பார்த்து, திருப்தியானால் நான் கையெழுத்துப் போடுவேன். திருப்தி இல்லையென்றால் யார் சொன்னாலும் போட மாட்டேன். இதைத் திமிர் என்று சிலர் சொல்வதுண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தக் கையெழுத்துக்காக என் கூடப்பிறந்த அக்காவே என் முன்னால் நின்று அழுதாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பங்குக் கோவிலுக்கென்று ஒரு கல்யாண மண்டபம் இல்லாமல் இருந்தது. தருவைகுளம் போகிற சாலையில், உப்பளங்களைத் தாண்டி, கொஞ்சம் இடம் கிடைத்தது. சீக்கிரம் முடிய வேண்டும் என்று இரும்பிலேயே எழுப்பினார்கள். கீழே குசினியும் சாப்பாட்டுக் கூடமும், மேலே கல்யாணக் கூடம். கீழ்த்தளத்தில் பதினான்கு இரும்புத் தூண்கள். அதில் நான்கு குசினிக்குள்ளேயே, பிரியாணி அண்டா ஏற்றுகிற அடுப்புகளை ஒட்டி நின்றன. அந்த நான்குக்கும் நேர் மேலேதான் மணமேடை. வரைபடத்தைப் பார்த்த அன்றைக்கே எங்கள் கோவில் ஃபாதரிடம் சண்டை போட்டேன். “இருக்க எடம் அவ்வளவுதாம்மா” என்றார். சரி, அப்படியானால் தூணுக்குக் காப்பு பலமாக இருக்க வேண்டும் என்று அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

நம் கோவில் வேலை என்று ஆசையாகத்தான் செய்தோம். அழகு என்று சொல்ல முடியாது. வெள்ளை நிறம், தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு, அதன்மேல் பெயிண்ட் கம்பெனி சொன்ன மெல்லிய மேல்பூச்சு ஒன்று. தெரியாதவர்கள் பார்த்தால் பாதியில் விட்டுவிட்டுப் போன வேலை மாதிரி இருக்கும். கரண்டு வேலை முடியட்டும், கடைசியில் வந்து அளந்து கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் துறைமுகத்தில் வேறொரு கிடங்கு வேலைக்குப் போய்விட்டேன். அந்தத் தாள் போனால்தான் தீயணைப்பு ஆபீசில் அனுமதி கிடைக்கும். அனுமதி கிடைத்தால்தான் மண்டபம் திறக்கும்.

திறந்ததும் முதல் கல்யாணம் அக்கா மகளுடையது. அத்தான் இறந்த பிறகு, பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டு அக்கா ஒற்றை ஆளாக வளர்த்த ஒரே பிள்ளை. மாப்பிள்ளை தருவைகுளம், கப்பலில் வேலை. அவன் அப்பாவுக்கு இரண்டு விசைப்படகு. மாசக் கடைசியில் மாப்பிள்ளை கப்பல் ஏற வேண்டும், ஏறினால் திரும்பி வர ஒன்பது மாதம். அதற்குள் தவக்காலம் வேறு வந்துவிடும். தவக்காலத்தில் எங்கள் கோவிலில் கல்யாணம் வைப்பதில்லை. ஆக, தேதி ஒன்றே ஒன்றுதான். அந்தத் தேதிக்கு ஊரில் வேறு மண்டபமும் கிடையாது, தவக்காலத்துக்கு முந்தின வாரம் எல்லாம் நிறைந்துவிடும். கோவிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தாயிற்று. கல்யாணத்துக்கு இருபத்து மூன்று நாள் இருந்தபோது, பெயிண்டின் கனத்தை அளக்கிற கேஜைப் பையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

வாசலிலேயே அக்கா நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“ஏளா, உள்ள வந்து பாரு. ஒங் கண்ணே பட்டுரும்.”

உள்ளே போனேன். பதினான்கு தூண்களும் நீல நிறத்தில் பளபளவென்று நின்றன. ஒன்றைத் தொட்டேன், வழுவழுவென்று இருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். படகுக்கு அடிக்கிற போட் பெயிண்ட். கடற்கரையில் பிறந்தவளுக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

“எவன் செஞ்ச வேல இது?” என்று கத்திவிட்டேன். “அறிவுன்னு ஒண்ணு இருக்கா அவனுக்கு? யாரக் கேட்டுக் கை வச்சான்?”

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “மெதுவாப் பேசுளா. சம்பந்தி வீட்டு ஆளுவதான் அடிச்சாவ. எட்டுப் பேரு, ரெண்டு நாளு கடலுக்குப் போவாம வந்து வேல பாத்துட்டுப் போயிருக்காவ. நம்ம புள்ள கல்யாணம் நடக்குற எடத்துல தூணெல்லாம் சொரசொரன்னு நிக்குதேன்னு அவுகளுக்கு மனசு கேக்கல. உப்புத்தாளு போட்டு நல்லா ஒரசி, அதுக்கு மேல ரெண்டு கோட்டு.”

“ஒரசுனாவளா?”

“ஆமா. வழவழன்னு ஆக்குன பெறவுதான் அடிச்சாவ. அம்புட்டு சுத்தமான வேல.”

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் கரையில் கோவிலுக்கு எதைக் கட்டினாலும் ஆளுக்கு ஒரு நாள் கை கொடுப்பார்கள். யாரும் கேட்க வேண்டியதில்லை. இரும்பைக் கண்டால் படகில் மிச்சமான பெயிண்டை எடுத்து அடிப்பது இன்னொரு பழக்கம். உப்புக் காற்று வெறும் இரும்பைச் சும்மா விடாது. அதனால் நங்கூரத்தில் ஆரம்பித்து வீட்டு ஜன்னல் கம்பி, பள்ளிக்கூட கேட், கல்லறைச் சிலுவை வரைக்கும் போட் பெயிண்ட்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிச் செதுக்கிப் பெயிண்ட் அடிக்கிற கைகள் அவை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. என் பெயிண்டை மூச்சுவிட முடியாமல் அமுக்கிவிட்டிருந்தார்கள், அவ்வளவு நேர்த்தியாக.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஃபாதர் இறங்கி வந்தார். நான் கேஜைத் தூணில் வைத்துக் காட்டினேன். இருக்க வேண்டிய கனத்தைவிட அது கூடுதலாகவே காட்டியது.

“கூடத்தானம்மா இருக்கு,” என்றார் ஃபாதர். “அப்ப நல்லதுதானே?”

அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். இரும்புக்கு மேல் எவ்வளவு கனம் இருக்கிறது என்பது மட்டும்தான் அந்த மெஷினுக்குத் தெரியும். அதில் எது ஃபயர் பெயிண்ட், எது போட் பெயிண்ட் என்று தெரியாது. உரசினதில் என் பெயிண்ட் எவ்வளவு போனதோ, அந்த இடத்தில் நீலம் ஏறி உட்கார்ந்திருந்தது. அதுவும் கெட்டியான தோல். உள்ளே மிச்சம் இருப்பது சூட்டில் உப்ப நினைத்தாலும் உப்ப விடாது. இதையெல்லாம் ஃபாதருக்கு எடுத்துச் சொன்னேன்.

“சரிம்மா, இந்தக் கல்யாணத்துக்குச் சமையல வெளியில பந்தல் போட்டு வச்சுக்கிடுவோம். நீங்க தாள மட்டும் குடுங்க. பெறகு ஆற அமரச் செய்யலாம்.”

“இந்தக் கல்யாணத்துக்கு வெளியில வைப்பீய ஃபாதர். அடுத்த கல்யாணத்தன்னைக்கு மழை பெஞ்சா? எல்லாம் சரியா இருக்குன்னு என் தாளு சொல்லும். அத நம்பி யாரோ ஒருத்தரு உள்ள அடுப்பப் பத்த வைப்பாரு. மேல அறுநூறு பேரு உக்காந்திருப்பாவ.”

ஃபாதர் மாடிப்படி ஏறிப் போய்விட்டார். அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

“ஒரு கையெழுத்துதானளா? மெசினே சரின்னு சொல்லுது. நீ எதுக்கு இல்லங்குத?”

“சரியில்லன்னு எனக்குத் தெரியும்லாக்கா.”

“ஒனக்கு மட்டுந்தானத் தெரியும். சம்பந்தி காதுல விழுந்தா என்ன ஆவும்னு நெனச்சுப் பாத்தியா? அவுக ஆசையா அடிச்சுக் குடுத்தத செதுக்கி எறியணும்னு போய்ச் சொல்லுவியா? கல்யாணத்துக்கு முந்தியே பொண்ணு வீட்டுக்காரி எங்கள மட்டந்தட்டுதான்னு சொல்ல மாட்டாவளா? அந்தப் புள்ளைக்கு அப்பா இல்ல. ஒன்னய நம்பித்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கேன். நீயே கெடுத்துருவியா?”

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அத்தானை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவள் யார் முன்னாலும் அழுது நான் பார்த்ததில்லை.

ஒளிக்காமல் சொல்கிறேன், பேனாவை எடுத்துவிட்டேன். அடுப்பு மேடையில் தாளை விரித்து வைத்து, முதல் தூணின் எண்ணை எழுதி, அதற்கு எதிரே கேஜ் காட்டிய அளவையும் எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. யாரும் வந்து சுரண்டிப் பார்க்கப்போவதும் இல்லை. அந்த நேரம் மேலே பாடல் குழுப் பிள்ளைகள் கல்யாணப் பாட்டுப் பழக ஆரம்பித்தார்கள். மணமேடையில் நின்றுதான் பாடினார்கள் போலிருக்கிறது. குரலும், தாளத்துக்குத் தரையில் காலைத் தட்டுகிற சத்தமும் என் உச்சந்தலைக்கு நேர் மேலே கேட்டன. அவ்வளவு கிட்டே. ஒரு பிள்ளை சுருதி தப்பிப் பாட, மற்றதெல்லாம் சேர்ந்து சிரித்தன. பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன்.

“முடியாதுக்கா.”

“அப்ப இந்தக் கல்யாணம் நின்னா நீதான் காரணம்,” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வேலை செய்யும்போது தூணோடு சேர்த்து இரண்டு மூன்று சின்ன இரும்புத் தகடுகளிலும் அதே பெயிண்டைப் பூசி எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். அதில் இரண்டை எடுத்தேன். ஒன்றை அவர்கள் செய்த மாதிரியே உப்புத்தாள் போட்டு உரசி, மண்டபத்து மூலையில் கிடந்த டப்பாவில் மிச்சமிருந்த நீலத்தை இரண்டு கோட் அடித்து, இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். மூன்றாம் நாள் வேனை எடுத்துக்கொண்டு நேராகத் தருவைகுளம் போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேனுக்குக் குறுக்கே படுத்திருப்பாள்.

சம்பந்தி கரையில் தன் வலைக் கொட்டகையில் இருந்தார். அவருடைய ஆட்கள் சுற்றி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

“வாங்க தங்கச்சி. தனியா வந்திருக்கீய? ஒங்க அக்கா வரலியா?”

“வரல அண்ணாச்சி. நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். சொன்னா ஒங்களுக்குக் கோவம் வரும். வந்தாலும் சொல்லித்தான் ஆவணும்.”

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. மண்டபத்துத் தூண்களில் இருக்கிற நீலம் முழுவதையும் எடுத்தாக வேண்டும், எடுக்காவிட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், போடாவிட்டால் மண்டபம் திறக்காது என்று சொன்னேன். வலை பொத்திக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன.

“முப்பது வருசமா இந்தப் பெயிண்ட்டத்தான் அடிக்கேன்,” என்றார். குரல் உயரவில்லை, ஆனால் முகம் கறுத்துவிட்டது. “கடலாலயே ஒண்ணும் பண்ண முடியல. நாங்க அடிச்சது தப்புன்னு சொல்லுதீயளோ?”

“கடலுக்கு அது சரி அண்ணாச்சி. நெருப்புக்குத் தப்பு. ஒரு அஞ்சு நிமிசம் இங்கன வந்து பாருங்க. பாத்துட்டு என்னையத் திட்டணும்னா திட்டுங்க.”

வேனிலிருந்து கேஸ் டார்ச்சை எடுத்து வந்தேன். மணலில் செங்கல் வைத்து இரண்டு தகடுகளையும் நிமிர்த்தி நிறுத்தினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் மெழுகுதிரித் துண்டு ஒன்றை உருக்கி ஒட்டினேன். “நெருப்புக் காட்டுறது முன்பக்கம். நீங்க பின்பக்க மெழுகப் பாருங்க. மெழுகு விழுந்தா இரும்புக்குள்ள சூடு போயிட்டுன்னு அர்த்தம்.” ஆட்களும் வலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அவருடைய வீட்டம்மாவும் வந்துவிட்டார்.

முதலில் நீலம். டார்ச்சைக் காட்டினதுமே பெயிண்ட் தானே பற்றிக்கொண்டு கரும்புகை விட்டது. அப்புறம் நீலத் தோல் வெடித்தது. அடியில் இருந்த கொஞ்சம் வெள்ளையும் அதோடு ஒட்டிக்கொண்டு, கொப்புளம் மாதிரி கிளம்பி, பாளம் பாளமாக மணலில் விழுந்தது. வெறும் இரும்பில் தீ அடித்தது. பின்னால் மெழுகு வழிந்து சொத்தென்று கீழே விழுந்தது.

அடுத்து வெள்ளை. மேலே பழுத்தது, கறுத்தது, பிறகு எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்ப ஆரம்பித்தது. விரல் கனம், அப்புறம் உள்ளங்கைக் கனம். “ஏலே, அங்க பாருல!” என்றான் ஒருவன். நீலத்துக்குக் காட்டினதைப் போல மூன்று மடங்கு நேரம் டார்ச்சைக் காட்டினேன். மெழுகு அடியில் மட்டும் லேசாக இளகி, நின்றபடியே நின்றது. அந்தப் பெயிண்ட் என்னைக் கைவிடாது என்று எனக்குத் தெரியும்.

டார்ச்சை அணைத்தேன். சம்பந்தி குனிந்து இரண்டு தகடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். நிமிர்ந்தபோது கேட்டார்.

“இதுக்கு மேல ஒண்ணும் அடிக்கக்கூடாதுன்னு தூணுல ஒரு எழுத்து எழுதி ஒட்டியிருக்கலாம்லா தங்கச்சி? எங்களுக்கு எப்படித் தெரியும்?”

செவிட்டில் அறைந்தாற்போல் இருந்தது. துறைமுகத்துக் கிடங்குகளில் ஒரு தூண் விடாமல் நான் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவேன். வேறு பெயிண்ட் அடிக்கக்கூடாது, உரசக்கூடாது, வெல்டிங் வைக்கக்கூடாது என்று மூன்று பாஷையில் இருக்கும். அந்த ஸ்டிக்கர் கட்டு வேனுக்குள்ளேயே கிடந்தது. கோவில் மண்டபத்தில் ஒட்டவில்லை. நம் சனம்தானே, யார் வந்து கை வைக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். நம் சனம் என்பதால்தான் கை வைப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்நிய ஆளாக இருந்தால் தூணைப் பார்த்துவிட்டுச் சும்மா போயிருப்பான். மூன்று நாளாக அறிவு இருக்கிறதா, அறிவு இருக்கிறதா என்று ஊரையே ஏசிக்கொண்டிருந்தவள் நான்.

“தப்பு என்னுது அண்ணாச்சி,” என்றேன். என் வாயிலிருந்து சுலபத்தில் வருகிற வார்த்தை இல்லை அது. “நான் எழுதி ஒட்டாம விட்டேன். ஒங்க ஆளுக மேல ஒரு தப்பும் இல்ல. அக்காவ மட்டும் ஒண்ணும் நெனச்சுக்கிடாதிய.”

“ஒங்க அக்காவ நான் எதுக்கு நெனைக்கப் போறேன்?” என்றவர், ஆட்கள் பக்கம் திரும்பினார். “ஏலே, படகு செதுக்குற உளியெல்லாம் எங்கன கெடக்கு? எடுத்து வைங்க. நாளைக்கு விடியவும் மண்டபத்துக்குப் போறோம்.”

அடித்த அதே எட்டுப் பேரும் வந்தார்கள். படகின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி எடுக்கிற கைகளுக்கு அந்த நீலம் ஒரு பொருட்டே இல்லை. என் ஆட்களாக இருந்தால் பத்து நாள் இழுத்திருப்பார்கள். இவர்கள் நான்கே நாளில், துருப் பிடிக்காமல் இருக்க அடியில் அடித்திருந்த சிவப்புப் பூச்சு தெரிகிற வரைக்கும் பதினான்கு தூண்களையும் உரித்துவிட்டார்கள். உள்ளே நிற்க முடியாத அளவுக்குத் தூசி. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்துகொண்டே செய்தார்கள். “நாம அடிச்சத நாமளே செரைக்கோம், நல்ல பொழப்புல!” என்று ஒருவன் சொல்ல, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு என் பெயிண்டர்கள். மெல்லிய கோட்டாக அடித்து, காய விட்டு, அதன்மேல் அடுத்தது. கடல் காற்றில் ஈரம் இருப்பதால் லேசில் காயாது. நாலு பெரிய ஃபேனை வாடகைக்குப் பிடித்து ஓட விட்டேன். சம்பந்தி தினமும் சாயங்காலம் வந்து வாசலில் நின்றே கேட்பார், “காஞ்சிட்டா தங்கச்சி?” உள்ளே வந்து தொட்டுப் பார்க்க அவருக்கு நான் அனுமதி கொடுக்கவில்லை. ஒரு நாள் தயங்கித் தயங்கி, “கலரு மட்டும் அந்த நீலமாவே இருந்தா ஆவாதோ?” என்றார். மெல்லிய மேல்பூச்சு எந்த நிறத்திலும் கிடைக்கும். பெயிண்ட் கம்பெனிக்குப் போன் போட்டு, அந்த நீலத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற ஒன்றை வரவழைத்தேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அக்காவும் தினம் வந்தாள், மண்டபத்து வேலைகளைப் பார்க்க. என்னைத் தாண்டித்தான் போவாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் பெயிண்டரிடம், “அந்தம்மாட்ட கேட்டுச் சொல்லுப்பா, என்னைக்கு முடியும்னு” என்பாள். நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன். அவள் காதில் விழுகிற மாதிரி நானும் அவனிடமே பதில் சொல்லி அனுப்புவேன். நடுவில் மாட்டிக்கொண்ட அந்த மனுஷன் பாடுதான் திண்டாட்டம். எனக்கு உள்ளுக்குள் வலித்தது. ஆனால் நானாகப் போய்ப் பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் வேலை முடிந்தது. தூணுக்குப் பத்து இடமாக, குசினித் தூண்களுக்கு இருபது இடமாக அளந்தேன். கையெழுத்துப் போட்டேன். ஃபாதர் அதை வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினார். மறுநாள் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார், அனுமதியும் கிடைத்தது. மஞ்சள் ஸ்டிக்கரைப் பதினான்கு தூணிலும் கண்ணுக்கு நேரே ஒட்டினேன்.

கல்யாணத்தன்று கோவிலில் பூசை முடிந்து சனம் வண்டி வண்டியாக மண்டபத்துக்கு வந்தது. குசினியில் எல்லா அடுப்புகளும் எரிந்துகொண்டிருந்தன. சமையல்காரர்கள் வியர்வை வழிய அண்டாவைக் கிளறினார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மேலே போய், வாழ்த்துப் பாட்டும் தொடங்கிவிட்டது. அக்காவைக் காணோம். தேடிக்கொண்டு கீழே வந்தால், பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக மாடிப்படியின் அடியிலேயே நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் அவளைத் தாண்டி ஏறிப் போனார்கள். அவள் குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா,” என்றாள் என்னைப் பார்த்ததும். இத்தனை நாளைக்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை.

“என்னக்கா? மேல ஒன்னயத் தேடுதாவ.”

“நீ தகட்ட எரிச்சுக் காட்டுனத சம்பந்தி எல்லாம் சொன்னாரு. எப்படிப் பாளம் பாளமா விழுந்துச்சுன்னு. அதக் கேட்டதுல இருந்து கண்ண மூடுனா அதுதாம்ளா வருது. கீழ இம்புட்டு நெருப்பு எரியுது. அதுக்கு மேல எம் புள்ள மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கா. எனக்குக் காலே எந்திக்க மாட்டேங்குது.”

நெருப்பு என்ன செய்யும் என்று இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிப் பயம் காட்டியிருக்கிறேன். பயப்படாதே என்று ஒருத்தருக்கும் சொன்னதில்லை. எத்தனை இடத்தில் அளந்தேன், எவ்வளவு கனம், எவ்வளவு நேரம் தாங்கும் என்றெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதையெல்லாம் விழுங்கினேன். அவள் கை சில்லென்று இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, இங்க பாரு. முன் வரிசையில, அடுப்புக்கு நேர் மேல, ரெண்டு நாற்காலி போட்டு வச்சிருக்கேன். ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு எனக்கு. எம் புள்ளைங்க ரெண்டும் அதுக்குப் பின்னாலயே உக்காந்திருக்கு. கடைசிப் பந்தி முடிஞ்சு அடுப்ப அணைக்கிற வரைக்கும் நானும் எந்திக்க மாட்டேன், அதுகளயும் எந்திக்க விடமாட்டேன்.”

அக்கா என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள். சம்பந்தி வீட்டம்மா எங்களை முதல் பந்தியிலேயே சாப்பிடக் கூப்பிட்டார், நாங்கள் போகவில்லை. நான்கு பந்தியும் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தோம். அக்கா என் கையை விடவே இல்லை.